எங்க ஸ்கூலுக்கு யாரும் துக்கம் கேக்க வரல

வாசகர் கடிதம்:

மேடம், எனக்கு 44 வயசு. கும்பகோணம் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. ஊர்ல சிஸ்டர்ஸ் நடத்துன கேத்தலிக் ஹைஸ்கூல்லதான் 6லேர்ந்து 10 வரைக்கும் படிச்சேன், பி.எட். முடிச்சதும் அங்கயே தமிழ் டீச்சரா சேந்து 19 வருஷம் ஓடிப்போச்சு. என்னோடது அரசாங்கம் சம்பளம் குடுக்குற எய்டட் போஸ்ட் இல்ல, ஸ்கூல் நிர்வாகமே சம்பளம் குடுக்குற மேனேஜ்மெண்ட் போஸ்ட். பிள்ளைங்க வரத்து கொறைஞ்சு போச்சுன்னு இந்த ஏப்ரல் பரீட்சையோட ஸ்கூல மூடிட்டாங்க. எய்டட் டீச்சர்ஸ வேற ஸ்கூலுக்குப் போட்டாங்க, எங்களுக்கு எதுவும் இல்ல. என் பொண்ணும் அங்கதான் படிச்சா, இப்ப 10ஆவதுக்கு வேற ஊருக்கு பஸ்ல போறா, வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேசறதில்ல. நான் கிறிஸ்டின் கெடயாது. ஆனா கடைசியா சேப்பல்ல இருந்த சின்ன செகப்பு விளக்க அணைச்சுட்டு ஆண்டவரோட உடம்புன்னு அவங்க கும்பிடுற நற்கருணை அப்பத்த பங்குக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போனாங்களே, அன்னிக்குத்தான் ஒடஞ்சு போனேன். காலைல 8.50க்கு மணிச் சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு. வீட்டுக்காரர் "ஒரு கட்டடத்துக்காடி இப்படி அழுவுற"ங்குறாரு. சொந்தக்காரங்க "அது அவங்க சாமி ஸ்கூலு, உனக்கென்ன"ங்குறாங்க. பழைய மாணவர் வாட்சப் குரூப்புல தினம் சண்டை, நெலத்த வித்துட்டாங்க, சிஸ்டருங்க ஏமாத்திட்டாங்கன்னு. எனக்கும் அவங்க மேல கோவம், அவங்கள நெனச்சா அழுகையும் வருது. ஆகஸ்ட் 15 வருது, எங்க ஸ்கூல்ல கொடியேத்தமும் மாதா பண்டிகையும் ஒண்ணா வர்ற நாள், அன்னிக்கு நான் எங்க போய் நிப்பேன்னு தெரியல. எனக்கு புத்தி பெசகிப் போச்சா மேடம்?

பதில்:

டீச்சர், மொதல்ல துக்கம் கேட்டுக்குறேன். நம்ம பக்கத்துல எழவு வீட்டுக்குப் போனா எதுவும் பேசமாட்டோம், பக்கத்துல போய் உக்காந்து கையப் புடிப்போம், அவங்களா "எப்படிப் போனாரு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க, நாம கேட்டுக்கிட்டே இருப்போம். உங்க லெட்டர் அப்படி ஆரம்பிச்ச மாதிரிதான் இருந்துச்சு, செகப்பு விளக்கு வரைக்கும் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுட்டேன். உங்களுக்கு புத்தி பெசகல. 19 வருஷம் வேல பாத்த எடம், அதுக்கு முன்னாடி 5 வருஷம் படிச்ச எடம், பொண்ணு படிச்ச எடம், மூணும் ஒரே நாள்ல போச்சு, ஒருத்தர்கூட வந்து உக்காந்து "எப்படி டீச்சர் இருக்கீங்க"ன்னு கேக்கல. ஸ்கூல் போனதோட சேத்து இப்படி யாரும் கேக்காததும் உங்கள வாட்டுதுன்னு எனக்குத் தோணுது.

"ஒரு கட்டடத்துக்கா"ன்னு வீட்டுக்காரர் கேட்டாரே, இத மாதிரி ஒரு கேள்விய நான் வேற எடத்துல கேட்டிருக்கேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்புறம் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கிராமங்களுக்குப் போயிருந்தேன். தோப்புக்குத் தோப்பு தென்னை மொத்தமா சாஞ்சு கெடக்கு. ஒரு பெரியவர் நாலு நாளா சரியா சாப்புடாம விழுந்த மரத்து மேலயே உக்காந்திருந்தாரு. அவரு புள்ளையே "மரத்துக்காப்பா இப்படி, நிவாரணம் குடுக்குறாங்கல்ல"ன்னு கோவிச்சுக்கிட்டான். நம்ம பாஷையில தென்னங்கன்ன தென்னம்பிள்ளைன்னும் சொல்றோம்ல, பெத்த புள்ளைக்கு ஊத்துற மாதிரி தண்ணி ஊத்தி வளத்தவருக்கு அது வெறும் மரமா எப்படி இருக்கும். அவருக்கு நான் பெருசா ஒண்ணும் பண்ணல, எந்த மரம் எப்ப வெச்சதுன்னு கேட்டேன், அவ்ளோதான், ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு மரமா சொன்னாரு, அதுக்கப்புறம் கஞ்சி குடிச்சாரு.

எங்க மனநலப் படிப்புல இதுக்கு ஒரு பேரு இருக்கு. கென்னத் டோக்காங்குற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1989ல எழுதுனாரு, ஊரு ஒத்துக்காத துக்கம்னு தமிழ்ல சொல்லலாம். புருஷன் செத்தா அழலாம், அம்மா செத்தா அழலாம், அதுக்கு லீவு உண்டு, சோறு ஆக்கிக் கொண்டு வந்து தர ஆளு உண்டு. ஆனா சில எழப்புக்கு "இதுக்கெல்லாம் அழுவாங்களா"ன்னு சமூகம் ஒரு கோடு கிழிச்சு வெச்சிருக்கு. அந்தக் கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு எழப்பும் இருக்கு, அழ உரிமையும் இல்லாம போயிடுது. உங்க விஷயத்துல கோடு ரெண்டு, கட்டடத்துக்கு அழக்கூடாதுங்குறது ஒண்ணு, அவங்க மதத்து ஸ்கூலுக்கு நீ அழக்கூடாதுங்குறது இன்னொண்ணு.

அந்த ரெண்டாவது கோடு எனக்கு ரொம்ப வலிக்குது டீச்சர், ஏன்னா நம்ம டெல்டாவுல அப்படி ஒரு கோடு எப்பவும் இருந்ததே இல்ல. வேளாங்கண்ணிக்கு காவி கட்டிக்கிட்டு நடந்து போறவங்கள்ல எத்தன பேரு கிறிஸ்டின்னு எண்ணிப் பாத்தா தெரியும். நாகூர் கந்தூரிக்கு கொடி ஏறுறப்ப கூட்டத்துல யாரு யாரு நிக்கிறாங்கன்னும் பாக்கலாம். நெத்தியில விபூதியோட, மாதா சிலை வெச்ச கெபி முன்னாடி நின்னு "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு மனப்பாடமா சொல்ற பொண்ணுங்கள உங்க ஸ்கூல்ல நீங்க வருஷா வருஷம் பாத்திருப்பீங்க, நீங்களே அந்தப் பொண்ணுதான். அந்த செகப்பு விளக்கு எரிஞ்சா உள்ள ஆண்டவர் இருக்காருன்னு அர்த்தம்னு உங்களுக்கு சின்ன வயசுல ஒரு சிஸ்டர் சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீங்க ஞானஸ்நானம் வாங்கல, ஆனா அந்த விளக்குக்கு முன்னாடி பரீட்சைக்குப் போறப்ப கும்பிட்டிருக்கீங்க. அது அணைஞ்சா உங்களுக்கும்தான் இருட்டு. யாரும் உங்களுக்கு பர்மிஷன் தர வேண்டியதில்ல.

இன்னொரு சிக்கல் இருக்கு. ஆளு போனா எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிடறோம், கட்டடம் அங்கயே நிக்குது. பவுலின் பாஸ்னு ஒருத்தங்க, காணாமப் போன ராணுவ வீரர்களோட குடும்பங்கள வெச்சு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்க, அவங்க சொல்றது என்னன்னா, போச்சா இல்லையான்னு தெளிவில்லாத எழப்புதான் மனசுக்கு ரொம்பப் பாரம், ஏன்னா அதுக்கு முடிவே இல்ல. நாகப்பட்டினம் பக்கம் 2004 சுனாமியில ஒடம்பு கெடைக்காத வீட்டுக்காரங்ககிட்ட பேசுனப்ப இத நேர்லயே பாத்தேன், வருஷம் கழிச்சும் கதவு தட்டுனா எட்டிப் பாப்பாங்க. உங்க துக்கத்தையும் அதையும் ஒரே தட்டுல வெக்கல, அது வேற பாரம். ஆனா கேட்டு பூட்டிக் கெடக்கு, சுவத்துல ஸ்கூல் பேரு இன்னும் இருக்கு, மரம் பூக்குது, தினம் அந்த வழியாத்தான் கடைக்குப் போகணும். 8.50க்கு மணி கேக்குறது வியாதி இல்ல. 24 வருஷம் ஒடம்பு பழகுன நேரம் அது, அத மறக்க ஒடம்புக்கு நாள் ஆகும்.

இன்டர்நெட்டுல துக்கத்துக்கு அஞ்சு நிலைன்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, மறுப்பு, கோவம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு. 1969ல எலிசபெத் குப்ளர் ராஸ் அத எழுதுனது சாகப் போற நோயாளிங்ககிட்ட பேசி, மத்த துக்கத்துக்கெல்லாம் அது படிக்கட்டு மாதிரி வரிசையா வரும்னு எதிர்பாத்தீங்கன்னா உங்களுக்கு ஏதோ கோளாறுன்னு தோணும். ஸ்ட்ரோப், ஷுட்னு ரெண்டு பேரு 1999ல சொன்னது நம்ம ஊருக்கு நல்லாப் பொருந்தும்னு நான் நெனைக்கிறேன். துக்கத்துல இருக்குறவங்க எழப்புப் பக்கம் கொஞ்ச நாள், அடுத்து என்னங்குற பக்கம் கொஞ்ச நாள்னு மாறி மாறிப் போய் வருவாங்க, அதுதான் ஆரோக்கியம்னாங்க. ஆத்துல தண்ணி கொறச்சலா இருந்தா முறை வெச்சு விடுவாங்கல்ல, இந்த வாய்க்காலுக்கு ஒரு வாரம், அந்த வாய்க்காலுக்கு ஒரு வாரம்னு, மனசும் அப்படித்தான். ஒரு கல்யாணத்துல நீங்க நல்லா சிரிச்சுட்டு அப்புறம் ராத்திரி குத்த உணர்ச்சியில அழுதீங்கன்னா தப்பு ஒண்ணும் நடந்துடல, முறை மாறுது.

இப்ப கோவத்துக்கு வர்றேன். கோவத்த முழுங்கச் சொல்லமாட்டேன். ஆனா அந்த வாட்சப் குரூப்ப கொஞ்ச நாள் மியூட்ல போடுங்க. அங்க துக்கம்தான் கோவ வேஷம் போட்டுக்கிட்டு ஆடுது, ஒருத்தராவது "எனக்கு அழுகை வருது"ன்னு டைப் பண்ணிருக்காங்களான்னு பாருங்க, இருக்காது, அத சொல்றதுக்கு வெக்கம், திட்டுறது சுலபம். நெலம் வித்தாங்களா இல்லையான்னு எனக்கும் தெரியாது, குரூப்புல எழுதுறவங்களுக்கும் கையில பேப்பர் இல்ல. கேக்கணும்னா பத்துப் பேரா சேந்து எழுத்துல மடத்துக்கும் ஆயர் இல்லத்துக்கும் கேளுங்க, பதில் வாங்குங்க, அது உரிமை. அத ஒரு ஃபைலா வெச்சுக்குங்க, துக்கத்த அந்த ஃபைலுக்குள்ள வெக்காதீங்க.

பிள்ளைங்க ஏன் கொறஞ்சாங்கங்குறதுக்கும் ஒரே ஒரு வில்லன் கெடைக்கமாட்டாங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேபடி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 குழந்தைங்கதான், அதாவது பள்ளிக்கூடத்துக்கு வர பிள்ளைங்களே கம்மி. இருக்குற பிள்ளைங்களையும் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வேன் வாசல்லயே வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுது. இந்தப் பக்கம் 2020லேர்ந்து மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம் அரசுப் பள்ளியில 6லேர்ந்து 12 வரைக்கும் படிச்சவங்களுக்கு, ஏழை வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது ரொம்ப நல்ல விஷயம், அதே நேரம் 6ஆவதுல எங்க சேக்குறதுன்னு கணக்குப் போடுற பெத்தவங்க எய்டட் ஸ்கூல விட்டுட்டு அங்க போறதுக்கும் அது ஒரு காரணம். வெள்ளாமை பொய்ச்சு திருப்பூருக்குக் குடும்பத்தோட போனவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க. கன்னியர் மடத்துக்கும் முன்ன மாதிரி பொண்ணுங்க வர்றதில்ல, இருக்குற சிஸ்டருங்களுக்கு வயசாயிடுச்சு. இதையெல்லாம் சொல்லி அவங்க செஞ்சது சரின்னு சொல்ல வரல. மேனேஜ்மெண்ட் போஸ்ட் டீச்சர்ஸ முன்கூட்டியே கூப்ட்டு உக்கார வெச்சுப் பேசாம விட்டிருந்தா அது தப்புதான், அந்தக் கோவத்துக்கு நியாயம் இருக்கு.

ஆனா ஒண்ணு, சிஸ்டருங்க கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுத்தவங்க, மேலேர்ந்து லெட்டர் வந்தா ஒரு சூட்கேஸ்ல துணிய வெச்சுக்கிட்டுக் கெளம்பணும், "நான் போகமாட்டேன், இது என் எடம்"னு சொல்றதுக்கு அவங்களுக்கு வாய் கெடயாது. உங்களுக்கு கோவிச்சுக்க வீட்டுக்காரராவது இருக்காரு. உங்களுக்குப் பாடம் எடுத்த வயசான சிஸ்டர் யாராவது இப்ப எந்த மடத்துல இருக்காங்கன்னு கண்டுபுடிச்சு ஒரு நாள் நேர்ல போங்க. கோவமும் அழுகையும் சேந்து வருதுன்னு எழுதியிருந்தீங்களே, ரெண்டையும் அவங்க முன்னாடியே வெச்சுடுங்க. அவங்க அழுதாங்கன்னா அழ விடுங்க.

பணத்தப் பத்தி நீங்க ஒரு வரிகூட எழுதல, அதனால நான் எழுதறேன். துக்கத்துல இருக்குறப்ப காசு கேக்குறது அசிங்கம்னு நம்ம டீச்சருங்களுக்கு ஒரு எண்ணம் உண்டு, அதுலயும் சிஸ்டர்கிட்டயா கேக்குறதுன்னு தயங்குவீங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ வேல பாத்த ஸ்கூல்னா டீச்சர்ஸுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு, 2009ல சட்டத் திருத்தம் பண்ணி 1997 ஏப்ரல் 3லேர்ந்தே பொருந்தும்னு ஆக்குனாங்க, சுப்ரீம் கோர்ட்டும் 2022ல செல்லும்னு சொல்லிடுச்சு. கடைசியா வாங்குன அடிப்படைச் சம்பளத்த, பஞ்சப்படி இருந்தா அதையும் சேத்து, 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கணும், 12,000 ரூபான்னு வெச்சா 19 வருஷத்துக்கு 1 லட்சத்து 31 ஆயிரம் சொச்சம் வரும். எழுத்துல கேளுங்க, தரலன்னா தொழிலாளர் துறையில முறையிடலாம். பி.எஃப். புடிச்சிருந்தா அதையும் பாருங்க. சர்வீஸ் சர்டிஃபிகேட்ட இப்பவே வாங்கிடுங்க, ஸ்கூல் ரெக்கார்டெல்லாம் எந்தக் கல்வி அலுவலகத்துல ஒப்படைச்சாங்கன்னும் கேட்டு எழுதி வாங்கிக்குங்க, பத்து வருஷம் கழிச்சு பழைய பொண்ணு ஒருத்தி டூப்ளிகேட் டி.சி.க்கு அலையறப்ப அது உங்களாலதான் ஆகும். இது உங்க உழைப்புக்குக் கூலி டீச்சர், கேட்டா அந்த எடத்து மேல உள்ள பாசம் கொறஞ்சிடாது.

பொண்ண பத்தி. 14 வயசு, வாழ்க்கையோட மொதல் பொதுத்தேர்வு, தெரியாத கிளாஸ்ரூம், கடைசி பெஞ்ச் கெடச்சிருக்கும், பழைய ஃப்ரெண்ட்ஸ் நாலு ஸ்கூலுக்கு செதறிட்டாங்க. அவ மார்க் ஷீட்டுல வரப்போறது அம்மா படிச்ச ஸ்கூல் பேரு இல்ல. அதோட வீட்டுல அம்மா அழுவுறத பாக்குறா, தானும் அழுதா அம்மா இன்னும் ஒடஞ்சுடுவாங்கன்னு வாய மூடிக்கிட்டிருக்கான்னு நான் நெனைக்கிறேன், பொண்ணுங்க இதுல ரொம்ப கெட்டிக்காரங்க. "என்ன ஆச்சு சொல்லு சொல்லு"ன்னு நோண்டாதீங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்து வர்றப்பவோ, ராத்திரி தலை பின்னி விடறப்பவோ நீங்க ஒரு வரி சொல்லுங்க, "எனக்கு இன்னிக்கு நம்ம ஸ்கூல் ஞாபகம் வந்துச்சு, மத்தியானம் சத்துணவு சாம்பார் வாசனை"ன்னு. அவ பதில் சொல்லாட்டியும் பரவால்ல, இந்த வீட்டுல அத பேசலாம்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும். பழைய யூனிஃபார்ம யாருக்காவது குடுக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பழைய கிளாஸ் பொண்ணுங்கள ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கூப்ட்டு சோறு போடுங்க. "உன் புது ஸ்கூல்ல ஒழுங்கு இல்ல, நம்ம சிஸ்டர் இருந்தா"ன்னு மட்டும் அவ காதுபட பேசிடாதீங்க, அவ அங்க காலூனணும். சாப்பாடு தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டுப் போனாலோ, ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு அடம் புடிச்சாலோ, வாழறதே வேஸ்ட்டுங்குற மாதிரி ஒரு பேச்சு வந்தாலோ தள்ளிப் போடாதீங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், காசு கெடயாது, தமிழ்ல பேசுவாங்க. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்லயும் மனநலப் பிரிவு இருக்கு. இது உங்களுக்கும் சேத்துதான். காலைல எழுந்திரிக்கவே முடியாம பல வாரமா இருந்தா அத துக்கம்னு மட்டும் விட்டுடக்கூடாது.

கடைசியா ஆகஸ்ட் 15. எங்க போய் நிப்பேன்னு கேட்டீங்க, ஸ்கூல் வாசல்லயே நில்லுங்க. நம்ம ஊர்ல எந்தச் சாவையும் அப்படியே விட மாட்டோம். இந்துக்களுக்கு 16ஆம் நாள் காரியம், முஸ்லிம் வீட்டுல 40ஆம் நாள் ஃபாத்திஹா ஓதுவாங்க, கிறிஸ்டின் வீட்டுல 30ஆம் நாள் பூசை, அப்புறம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு சுத்தம் பண்ணி மெழுகுவத்தி ஏத்துவாங்க. இவ்ளோ நாள் கணக்கு வெச்சிருக்குற ஊர்ல உங்க ஸ்கூலுக்கு ஒரு நாள்கூட வெக்கல, பரீட்சை முடிஞ்சுது, லீவு விட்டாங்க, பூட்டிட்டாங்க. பிள்ளைங்க ஜூன்ல தெறக்கும்னு பைய மாட்டிக்கிட்டுப் போன மாதிரியே அது நின்னு போச்சு.

அந்த நாள நீங்க வைங்க. மடத்துலயோ பங்கு ஃபாதர்கிட்டயோ கேட்டு ஒரு மணி நேரம் கேட்ட தெறக்கச் சொல்லுங்க, முடியாதுன்னா ரோட்டுல நின்னு பண்ணலாம். மேடை வேணாம், மைக் வேணாம், சிறப்பு விருந்தினர் வேணவே வேணாம், துக்க வீட்டுல யாரும் சால்வை போத்தறதில்ல. கொடி ஏத்துங்க, வழக்கமா பாடுற மாதா பாட்டப் பாடுங்க, சேப்பல்ல ஒரு செபம் சொல்லட்டும். அப்புறம் உக்காந்து பேசுங்க, ஒவ்வொருத்தரா, எந்த மரத்தடியில எந்த டீச்சர் அடிச்சாங்க, யாரு மார்கழி மழையில நனைஞ்சு வந்தா மதர் துண்டு குடுத்தாங்க, பீஸ் கட்ட முடியாத எந்தப் பிள்ளைக்கு யாரு சத்தமில்லாம கட்டுனாங்க. ஆயா, வாட்ச்மேன், ஸ்கூல் பஸ் டிரைவர், இவங்கள மறக்காம கூப்டுங்க, அவங்களுக்கும் யாரும் துக்கம் கேட்டிருக்க மாட்டாங்க. குரூப்புல சண்டை போடறவங்களையும் கூப்டுங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, அவரு பேச வேணாம், சும்மா உக்காந்து கேட்டா போதும், 19 வருஷம் நீங்க தினம் காலைல எங்க கெளம்பிப் போனீங்கன்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரியும்.

கெளம்புறப்ப ஆளுக்கு ஒரு பிடி மண்ணோ, அந்த மரத்து வெதையோ எடுத்துக்கலாம். மாச கடைசியில வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு நடந்து போறவங்க உங்க ரோட்டு வழியா போவாங்கன்னா, முன்ன ஸ்கூல் வராண்டாவுல அவங்களுக்கு எடம் குடுத்திருப்பீங்க, இந்த வருஷம் கேட்டு பூட்டியிருக்கும். வாசல்ல ஒரு பானை மோரு வெச்சு நீங்களும் உங்க பழைய பொண்ணுங்களும் நிக்கலாம்.

ஆகஸ்ட் 15க்கு இன்னும் மூணு வாரம் இருக்கு டீச்சர். சிஸ்டர இந்த வாரமே போய் பாருங்க. 8.50க்கு அடிச்ச அந்த ஸ்கூல் மணி இப்ப யாருகிட்ட இருக்குன்னும் கேளுங்க, அன்னிக்கு காலைல உங்க பொண்ண ஒரு தடவ அடிக்கச் சொல்லுங்க.